தெரியும், தெரியும்: பில் விதர்ஸின் இரண்டு நிமிடப் பாடல்

‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ (வெயிலே இல்லை) பாடலின் மூன்றாவது சரணத்துக்கு வரிகள் எழுதப்படவே இல்லை. வரிகள் வரவேண்டிய இடத்தில் அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ் ‘எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போகிறார். மொத்தம் 26 முறை. ரசிகர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து வைத்திருக்கும் கணக்கு இது. 1971இல் வெளிவந்த இந்தப் பாடல் இரண்டு நிமிடம் சொச்சம்தான் ஓடும். அவ்வளவு சின்னப் பாட்டில் இத்தனை நேரத்தை ஒரே சொல்லுக்குத் தாரைவார்ப்பதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. விதர்ஸும் செய்யவில்லை. அது பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்ட இடம்.

காதலி போய்விட்டாள், வெயில் இல்லை, வீடு இருண்டு கிடக்கிறது. பாடலைக் கேட்ட பெரும்பாலானோருக்கு நினைவில் நிற்பது இதுதான். அழகான, மென்மையான, ஏங்க வைக்கிற பாட்டு. மழை நாளில் தனியாக உட்கார்ந்து கேட்கத் தோதான பாட்டு. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 26 ‘தெரியும்’களை எடுத்துவிட்டால்தான் அது அவ்வளவு எளிய ஏக்கப் பாட்டு. அவற்றோடு சேர்த்துக் கேட்டால் வேறொரு ஆள் பாடுகிறான். தனக்கு ஆகாத ஒன்றை ஆகாது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே விடமுடியாமல் தவிக்கிறவன் அவன்.

அங்கே போவதற்கு முன், இதைப் பாடியது யார் என்று சொல்லியாக வேண்டும். இந்தப் பாடலின் உருவத்துக்கும் அந்த மனிதரின் அன்றைய நிலைமைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

பில் விதர்ஸ் 1938 ஜூலை 4 அன்று மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்தார்கள். பெக்லி என்ற பக்கத்து ஊரில் அம்மாவின் குடும்பத்தாரிடம் வளர்ந்தார். 13 வயதில் அப்பா இறந்துபோனார். பேச்சு திக்கும். பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பிள்ளை. சுரங்கத்துக்குப் போகாமல் தப்ப அந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு இருந்த வழிகளில் ஒன்று ராணுவம். விதர்ஸ் கடற்படையில் சேர்ந்து 9 ஆண்டுகள் இருந்தார். திக்குவாயைக் கடந்தது 28 வயதில்தான் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1967இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்து தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்தார். போயிங் 747 விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் வேலை.

பாட்டுக்காரர் ஆகவேண்டும் என்ற எண்ணம் வந்த கதையும் கொஞ்சம் வேடிக்கையானது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஒரு கிளப்புக்குப் போயிருக்கிறார். அன்று பாடவேண்டிய லூ ராவ்ல்ஸ் வந்து சேரத் தாமதம். வாரத்துக்கு 2,000 டாலர் கொடுத்தும் இந்த ஆள் நேரத்துக்கு வருவதில்லை என்று கிளப் மேலாளர் புலம்பியது விதர்ஸின் காதில் விழுந்தது. அவருடைய சம்பளம் அப்போது மணிக்கு 3 டாலர். அடகுக்கடையில் மலிவாக ஒரு கிட்டார் வாங்கித் தானே பழக ஆரம்பித்தார். கலைத்தாகம், உள்ளொளி என்றெல்லாம் பேசும் இசைக்கலைஞர்கள் நடுவில் சம்பளக் கணக்குப் போட்டுப் பாடவந்தேன் என்று சொல்பவரை எனக்குப் பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. அந்த நேர்மை பாட்டிலும் இருக்கிறது.

சொந்தக் காசில் மாதிரிப் பதிவுகள் செய்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். முப்பதைத் தாண்டியவருக்கு அறிமுகம் கொடுக்க யாருக்கும் விருப்பமில்லை. கடைசியில் சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தை நடத்திவந்த கிளாரன்ஸ் அவான்ட் முன்வந்தார். தயாரிப்பாளராக அவர் பிடித்துக்கொடுத்தது புக்கர் டி. ஜோன்ஸை. மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் 1960கள் முழுக்க எத்தனையோ சோல் பாடல்களுக்குப் பின்னணி இசைத்த குழுவின் தலைவர் அவர். அந்தக் குழுவிலிருந்து டிரம்ஸுக்கு அல் ஜாக்சனும் பேஸ் கிட்டாருக்கு டொனால்ட் ‘டக்’ டன்னும் வந்தார்கள். கிட்டாருக்கு ஸ்டீஃபன் ஸ்டில்ஸ். அன்றைய அமெரிக்க இசையில் இவர்கள் எல்லோரும் பெரிய பெயர்கள். ஆலையிலிருந்து வேலைப் பூட்ஸோடு ஓட்டைக் காரில் வந்து இறங்கிய விதர்ஸ், உள்ளே இருந்தவர்களைப் பார்த்ததும் புக்கர் டி.யைத் தனியே கூப்பிட்டு, இந்தப் பாட்டையெல்லாம் யார் பாடப்போகிறார்கள் என்று கேட்டாராம். நீதான் என்று பதில் வந்தது.

இவர்களோடு செய்த முதல் ஆல்பத்தின் பதிவில்தான் அந்த மூன்றாவது சரணத்தின் கதை நடந்தது. வரி எழுதி நிரப்பிக்கொள்ளும் எண்ணத்தில் அந்த இடத்தில் ‘தெரியும், தெரியும்’ என்று ஒப்பேற்றிப் பாடினார் விதர்ஸ். அப்படியே விட்டுவிடு என்றார் புக்கர் டி. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். இவ்வளவு அனுபவமும் பெயரும் உள்ளவர்கள் சொல்லும்போது ஆலைத் தொழிலாளியான நான் என்ன மறுத்துப் பேசுவது, சரி என்று விட்டுவிட்டேன் என்பதுதான் விதர்ஸ் பிற்காலப் பேட்டிகளில் தந்த விளக்கம். இதைப் பணிவு என்பதா, பயம் என்பதா? இரண்டும்தான். கொஞ்சம் தலைக்கனம் உள்ள பாடலாசிரியராக இருந்திருந்தால் அடுத்த வாரமே நாலு நல்ல வரி எழுதிக்கொண்டு வந்து பாட்டைக் கெடுத்திருப்பார்.

இனி பாட்டுக்குள் போகலாம். சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பாடப்பட்ட காஸ்பல் இசையும் ப்ளூஸும் கலந்து 1950களில் திரண்ட வகை. கடவுளை நோக்கிக் கதறிய குரலை அப்படியே காதலியின் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்று திருச்சபைப் பெரியவர்கள் அதைத் திட்டியதுண்டு. அதனால் சோல் இசையின் காதல் தோல்விப் பாடல்கள் பெரும்பாலும் மன்றாட்டுகள். போகாதே, திரும்பி வா, நீ இல்லாமல் செத்துப்போவேன். எதிரில் ஒருத்தி நிற்கிறாள் அல்லது நிற்பதாகப் பாவனை. சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங் அப்படிப் பாடும்போது குரல் உடையும், பித்தளை வாத்தியங்கள் ஏறி அடிக்கும், கடைசியில் பாடகர் முழங்காலில் விழாத குறை. அந்த ரெடிங்குக்கு டிரம்ஸும் பேஸும் வாசித்த அதே ஜாக்சனும் டன்னும்தான் இந்த ஆல்பத்திலும் வாசிக்கிறார்கள். ஆனால் இங்கே மன்றாட்டு இல்லை.

இந்தப் பாட்டில் ‘நீ’ என்று யாரையும் விளிக்கவில்லை. முழுக்க ‘அவள்’தான். அவள் போனால் வெயில் இல்லை. அவள் இல்லாதபோது சூடு இல்லை. இந்தமுறை எங்கே போனாளோ, ஒரேயடியாகப் போய்விட்டாளோ. காதலியிடம் பேசவில்லை என்றால் யாரிடம் பேசுகிறான்? பக்கத்தில் இருக்கும் நண்பனிடம் இருக்கலாம், தன்னிடமே கூட இருக்கலாம். அவளைத் திரும்பி வரச்சொல்லிக் கெஞ்சும் ஒரு வரி கூடப் பாட்டில் கிடையாது. நூற்றுக்கணக்கான பிரிவுப் பாடல்களில் இதைத் தனியாக நிறுத்துவது முதலில் இந்த மௌனம்தான் என்பேன்.

இரண்டாவது, அவள் ஒருமுறை போனவள் அல்ல. போகும்போதெல்லாம் ரொம்ப நாள் போய்விடுகிறாள் என்கிறான். ‘இந்தமுறை’ எங்கே போனாள் என்கிறான். ஆக இதற்கு முன்பும் போயிருக்கிறாள், திரும்பி வந்திருக்கிறாள், மறுபடி போயிருக்கிறாள். பாட்டு நடப்பது ஒரு சுழற்சியின் நடுவில். முடிந்துபோன காதலுக்கான ஒப்பாரியாக இதை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த வரிகளைக் காதில் வாங்கியிருக்கிறார்கள், ஆனால் கணக்கில் எடுக்கவில்லை. முடிந்துபோயிருந்தால் அவனுக்கு நல்லது. முடியவில்லை என்பதுதான் பிரச்சினை.

பாட்டுக்கு வித்திட்டது ஒரு படம் என்று விதர்ஸே சொல்லியிருக்கிறார். 1962இல் வந்த ‘டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்’. இயக்கியவர் பிளேக் எட்வர்ட்ஸ். ஜாக் லெமன், லீ ரெமிக் நடித்தது. படத்தைப் பார்க்காதவர்களுக்குக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பாட்டு அதோடு பின்னிக்கிடக்கிறது. நாயகன் விளம்பரத் தொடர்பு வேலை பார்ப்பவன். வேலையின் பகுதியாகவே குடிப்பவன். நாயகி குடிப்பதில்லை, சாக்லேட் என்றால் உயிர். சாக்லேட் சுவை வரும் ஒரு மதுக்கலவையை வாங்கிக் கொடுத்து அவளுக்குப் பழக்கிவிடுவது அவன்தான். கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, இருவரும் சேர்ந்து குடியில் மூழ்குகிறார்கள். வேலை போகிறது. பலமுறை எழுந்து பலமுறை விழுந்த பிறகு அவன் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை விட முயல்பவர்கள் கூடிப் பேசும் கூட்டங்களின் துணையோடு தெளிகிறான். அவளால் முடியவில்லை. கடைசிக் காட்சியில் அவள் வீட்டுக்கு வருகிறாள், சேர்ந்து வாழலாம் என்கிறாள், குடியை மட்டும் விடமுடியாது என்கிறாள். அவன் மறுக்கிறான். அவள் தெருவில் இறங்கி நடந்து போவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் முகத்துக்கு மேலே ஜன்னல் கண்ணாடியில் எதிர்ப்பக்கத்து மதுக்கடையின் விளக்கு மின்னி மின்னி அணைகிறது.

ஒருவர் பலமாக இருக்கும்போது இன்னொருவர் பலவீனமாக இருக்கும் அந்த மாறாட்டம் விதர்ஸின் மனதில் தங்கியிருக்கிறது. எலி மருந்தைத் தின்றுவிட்டு இன்னொரு கை போடச்சொல்லிக் கேட்பது போன்றது அது என்று ஒரு பேட்டியில் சொன்னார். நமக்கு நல்லது செய்யாத ஒன்றுக்காகவும் நாம் ஏங்குகிறோம் என்பது அவர் தந்த பொழிப்புரை.

இந்த வெளிச்சத்தில் ‘தெரியும்’ என்ற சொல்லை மறுபடி கேட்டுப்பாருங்கள். குடிப்பவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தத் தொனி உடனே பிடிபடும். இதை விட்டுவிடு, உனக்கு ஆகாது, பிள்ளைகளைப் பார் என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில் எப்போதும் அதுதான். தெரியும். தெரியும்ப்பா. எனக்குத் தெரியாதா? குடிக்குப் பதிலாக ஆகாத காதலை வைத்தாலும் பதில் மாறாது. பாட்டில் அந்தத் தொடர் எங்கே போய் முட்டுகிறது என்பது முக்கியம். 26 முறை தெரியும் என்று சொல்லிவிட்டு, அந்த இளம்பெண்ணை நான் விட்டு விலகத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்ட அடுத்த மூச்சிலேயே, ஆனால் அவள் போனால் வெயில் இல்லையே என்று பழைய இடத்துக்கே வந்துவிடுகிறான். அறிவுரை கேட்டாயிற்று, ஒத்துக்கொண்டாயிற்று, மாற்றம் ஏதும் இல்லை. ஒப்பேற்றுவதற்காகச் சொன்ன ஒரு சொல்லில் அடிமைத்தனத்தின் முழு உளவியலும் வந்து உட்கார்ந்துவிட்டது. எழுதியிருந்தால் வந்திருக்காது. எழுதும்போது காரணம் சொல்லத் தோன்றும். இவனிடம் காரணம் இல்லை.

அந்த ‘இளம்பெண்’ குறிப்பு இன்றைய காதுக்குக் கொஞ்சம் நெருடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயதில் மிகச் சின்னவளைப் பற்றிய பாட்டா இது என்று சிலர் கேட்கிறார்கள். அப்படியொரு வாசிப்பைப் பாட்டு முழுக்கத் தள்ளிவிடவில்லை. விலகவேண்டும் என்ற குற்றவுணர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் பாட்டில் வேறெங்கும் அவள் வயதைப் பற்றியோ உருவத்தைப் பற்றியோ ஒரு தகவலும் இல்லை. பெயர் இல்லை, கண் இல்லை, கூந்தல் இல்லை. ஏன் போகிறாள், யாரோடு போகிறாள் என்பதும் இல்லை. அவள் இல்லாதபோது இவனுக்கு என்ன ஆகிறது என்பது மட்டும்தான் இருக்கிறது. மனைவியை இழந்த முதியவர்களும், தாயை இழந்த பிள்ளைகளும், வேறு ஊரில் துணையை விட்டுவிட்டு வந்தவர்களும் இதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொள்ள முடிவது இந்த வெற்றிடத்தால்தான்.

இசையும் இதே கஞ்சத்தனத்தோடு நடக்கிறது. முன்னிசை கிடையாது, பாட்டு தொடங்குவதே குரலில்தான். நம் சினிமாப் பாட்டுக் கணக்கில் சொல்வதானால் பல்லவி என்று தனியாக ஒன்று இல்லை. ஒவ்வொரு சரணமும் வெயில் இல்லை என்ற அதே முதல் வரியைச் சுற்றியே நகர்கிறது, வேறு உச்சத்துக்கு ஏறுவதில்லை. சோகத்துக்குப் பழகிய மைனர் ஸ்கேல், கைவிரலில் அடங்கும் சில கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்), ஒவ்வொரு வரிக்கும் பின் வாத்தியங்கள் இறங்கி வந்து அதே இடத்தில் உட்காரும் ஒரு சின்னத் திருப்பம். புக்கர் டி. எழுதிய வயலின்கள் சற்றுப் பொறுத்துத்தான் உள்ளே வருகின்றன, வந்த பின்னும் அடக்கி வாசிக்கின்றன. ‘தெரியும்’ பகுதி வந்ததும் மற்ற வாத்தியங்கள் ஒதுங்க, அல் ஜாக்சனின் தாளம்தான் துணைக்கு நிற்கிறது.

தேவாலய இசையைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது, நல்ல ஏமாற்றம். காஸ்பல் பாட்டின் பின்பகுதியில் ஒரே சிறு தொடரை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடுவது வழக்கம். ஒவ்வொரு சுற்றிலும் குரல் ஏறும், கை தட்டல் ஏறும், கூட்டம் எழுந்து நிற்கும், அருள் இறங்கும். விதர்ஸுக்கு அந்த முறை நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தேவாலயத்தில் கைதட்டிய தன் பாட்டியைப் பற்றி இதே ஆல்பத்தில் தனியாக ஒரு பாட்டே இருக்கிறது. ஆனால் ‘தெரியும்’ பகுதியில் அந்த ஏற்றம் வரவே இல்லை. குரல் ஒரே மட்டத்தில், கிட்டத்தட்ட ஒரே மூச்சில், அழுத்தம் கூட்டாமல் போகிறது. அருள் இறங்கவேண்டிய இடத்தில் எதுவும் இறங்கவில்லை. இவனுக்கு மீட்பு இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியுமா என்று தெரியவில்லை.

சசெக்ஸ் நிறுவனத்துக்கு இந்தப் பாட்டின் மீது பெரிய நம்பிக்கை ஒன்றும் இருக்கவில்லை. சிங்கிள் இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ‘ஹார்லெம்’ என்ற வேறு பாட்டைப் போட்டு, இதைப் பின்பக்கத்தில் தள்ளியிருந்தார்கள். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1971இல் அமெரிக்காவின் முன்னணிப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. அடுத்த ஆண்டு சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடலுக்கான கிராமி விருது. தங்க இசைத்தட்டு அந்தஸ்து கிடைத்தபோது நிறுவனம் விதர்ஸுக்குத் தங்கநிறக் கழிப்பறை இருக்கை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. நக்கலை அவர் ரசித்ததாகத்தான் தெரிகிறது. ஆல்பத்தின் அட்டைப்படமும் ஆலையில் எடுத்ததுதான்: செங்கல் சுவரோரம், கையில் மதியச் சாப்பாட்டுப் பெட்டி. இசைத்துறை நிலையற்றது என்று வேலையை விடாமல் வைத்திருந்தவர் அவர். இடையில் ஆட்குறைப்பில் வேலை போயிற்று. பிறகு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தனவாம். ஒன்று வேலைக்குத் திரும்ப வரச்சொல்லி, மற்றொன்று ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட வரச்சொல்லி.

பாட்டு பலர் கைக்குப் போயிற்று. எல்லாப் பதிப்புகளையும் இங்கே வரிசைப்படுத்தத் தேவையில்லை. ஒன்று மட்டும் நம் விஷயத்துக்கு அவசியம். 1972இல் வந்த தன் முதல் தனி ஆல்பத்தில் மைக்கேல் ஜாக்சன் இதைப் பாடினார். அப்போது அவருக்கு 13 வயது. பிரிட்டனில் இந்தப் பாட்டைப் பட்டியலில் ஏற்றியது விதர்ஸ் அல்ல, இந்தச் சிறுவன்தான், 8ஆம் இடம். பாட்டு தொடங்கும் முன் பையன் பேச்சாகச் சில வாக்கியங்கள் சொல்கிறான். கிடைக்கக்கூடாது என்று தெரிந்த ஒன்றை எப்போதாவது ஆசைப்பட்டிருக்கிறீர்களா, கூடாது என்று தெரியத் தெரிய ஆசை கூடுமே என்கிற பொருளில். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 13 வயதில் என்ன கூடாத ஆசை, சைக்கிளா? ஆனால் அந்த முன்னுரையை எழுதிக்கொடுத்தவர் யாராக இருந்தாலும் பாட்டின் நரம்பைச் சரியாகப் பிடித்திருக்கிறார். விதர்ஸ் சொல்லாமல் விட்டதை இந்தப் பதிப்பு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. சொல்லிவிட்டதாலேயே கொஞ்சம் இளைத்தும் போகிறது. குரல் என்னவோ அற்புதம்தான். அந்தப் பையன் ஏறவேண்டிய இடத்திலெல்லாம் ஏறுகிறான், அலங்கரிக்கிறான். விதர்ஸின் பாட்டுக்கு அலங்காரம் ஆகாது என்பது அங்கேதான் புரியும்.

பலருக்கு, எனக்கும்தான், இந்தப் பாட்டு முதலில் வந்து சேர்ந்தது 1999இல் வெளிவந்த ‘நாட்டிங் ஹில்’ படத்தின் வழியாக. புத்தகக்கடைக்காரனாக வரும் ஹியூ கிராண்ட் லண்டனின் போர்ட்டோபெல்லோ சந்தைத் தெருவில் நடக்கத் தொடங்குகிறார். வெட்டு தெரியாமல் கேமரா கூடவே போகிறது. நடந்து முடிப்பதற்குள் மழை வந்து, பனி விழுந்து, மறுபடி வெயில் அடித்துவிடுகிறது. தொடக்கத்தில் கர்ப்பமாக இருந்த ஒரு பெண் தெருமுனையில் கைக்குழந்தையோடு நிற்கிறாள். பின்னணியில் விதர்ஸ். ஓராண்டுப் பிரிவை ஒரு நடையில் சொல்லிவிடும் நல்ல காட்சி. அந்தக் காட்சி இந்தப் பாட்டை ஒரு தலைமுறைக்கு இனிமையான காதல் நினைவாக மாற்றிவிட்டது. படத்தில் கடைசியில் காதலி திரும்பி வந்து சேர்கிறாள், எல்லாம் சுபம். குடியும் நஞ்சும் இருந்த இடத்தில், படத்தில் அவன் அவளுக்குத் தின்னக் கொடுக்கப் பார்க்கும் ஆப்பிரிகாட்டும் தேனும் வந்துவிட்டதாகக் குறைப்பட்டுக்கொள்ளலாம். ஆனாலும் படத்தை ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை. அந்தக் கதையிலும் புகழ்பெற்ற நடிகையாக வரும் ஜூலியா ராபர்ட்ஸ் ஒருமுறை மட்டும் போவதில்லை. வருகிறார், போகிறார், மறுபடி வருகிறார். தனக்கு இது ஆகாது என்று தெரிந்தே அந்தக் கடைக்காரனும் ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்கிறான்.

பாட்டின் கசப்பை நேராகப் பார்க்க விரும்புகிறவர்கள் 1970களின் முற்பகுதியில் பிபிசி தொலைக்காட்சிக்காக விதர்ஸ் பாடிய பதிவைத் தேடிப் பார்க்கலாம். முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் கிட்டார், முகமெல்லாம் வேர்வை. டிரம்ஸில் ஜேம்ஸ் கேட்சன். ‘தெரியும்’ பகுதியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நாம் இருப்பதை மறந்தவர் போல உதட்டை அசைத்துக்கொண்டே போகிறார். கை அசைவு இல்லை, மேடை நாடகம் இல்லை. ஸ்டுடியோ பதிவைவிட இது எனக்கு ஒரு படி மேல்.

விதர்ஸ் அதற்குப் பிறகு இன்னும் பெரிய வெற்றிகளைப் பார்த்தார். சசெக்ஸ் 1975இல் மூழ்கியது. பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போனார். அங்கே கறுப்பின இசை எப்படி இருக்கவேண்டும் என்று தனக்கு வகுப்பெடுக்க வந்த அதிகாரிகளோடு ஒத்துப்போகவில்லை. 1985இல் கடைசி ஆல்பத்தை வெளியிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மறுவருகை, உலகச் சுற்றுலா என்று எவ்வளவோ பேர் கூப்பிட்டும் போகவில்லை. ஆகாத ஒன்றை விட்டு விலகுவது அந்தப் பாட்டில் வரும் ஆளுக்கு முடியவில்லை, எழுதியவருக்கு முடிந்திருக்கிறது. 2020 மார்ச் 30 அன்று, 81 வயதில், லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார்.

2015 ஏப்ரலில் கிளீவ்லண்ட் நகரில், இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்த விழாவில், அறிமுகம் செய்துவைத்த பாடகர் ஸ்டீவி வொண்டரே ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ பாடினார். விதர்ஸ் மேடையில் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஏற்புரைக்கு மைக்கைப் பிடித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த இசைப் பிரமுகர்கள் கூட்டத்தைப் பார்த்து, மேற்கு அரைக்கோளத்திலேயே பெரிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் இதுவாகத்தான் இருக்கும் என்றார். அரங்கம் சிரித்தது.